அந்திமந்தாரை விழிக்குமுன் சாத்தப்படும் கதவு

எங்கள் நகரப் பூங்காவின் நிர்வாகக் குழுவினருக்கும் தோட்டக்கலைப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

பூங்காவின் நடுவில் நீங்கள் வளர்க்கும் மலர்த்தோட்டத்தில், தெற்கு வேலியை ஒட்டி, அந்திமந்தாரைப் பாத்தி ஒன்று இருக்கிறது. முப்பது அடி நீளமாவது இருக்கும். மஞ்சள், வெள்ளை, அடர் இளஞ்சிவப்பு, ஒரே செடியில் இரண்டு மூன்று நிறம் காட்டுவது எனத் தேடித் தேடி நட்டிருக்கிறீர்கள். இதைப் பெயர்ப்பலகையைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பூவைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. தோட்டத்தின் கதவை மாலை ஐந்து மணிக்குச் சாத்துகிறீர்கள்; கோடையில் அந்தச் செடி அப்போதுதான் சோம்பல் முறிக்கிறது. காலை ஒன்பது மணிக்கு நீங்கள் கதவைத் திறக்கும்போது முந்தின இரவுப் பூக்கள் நனைந்த காகிதம் போலச் சுருண்டு தொங்குகின்றன. உரமிட்டு, களையெடுத்து, ஆண்டுதோறும் பேணப்படும் அந்தப் பாத்தி பூத்திருப்பதை இரவுக் காவலரும் அந்துப்பூச்சிகளும் தவிர எவரும் பார்த்ததாகத் தெரியவில்லை. அந்துப்பூச்சிகள் மீது எனக்குப் பொறாமை உண்டு, புகார் இல்லை. குழல் போன்ற அந்தப் பூவின் அடியில் சுரக்கும் தேன் நீண்ட நாக்குள்ள அவற்றுக்கு உரியது. எனக்குத் தேன் வேண்டாம். ஒரு மணி நேரம் போதும்.

பூங்கா விடியலுக்கு முன்பே திறந்து இரவு வரை திறந்திருக்கிறது. நடப்பவர்கள் நடக்கிறார்கள், பிள்ளைகள் பந்தடிக்கிறார்கள், நாய்கள் தங்கள் எசமானர்களை இழுத்துக்கொண்டு போகின்றன. அந்தப் பரப்புக்குள் மலர்த்தோட்டம் மட்டும் தனி வேலி, தனிக் கதவு, தனி நேரம் என்று இருக்கிறது. வேலி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் 843 ஏக்கர்; அதற்குள் 1937இல் திறக்கப்பட்ட கன்சர்வேட்டரி கார்டன் வெறும் ஆறு ஏக்கர். அதற்கும் இரும்புக் கதவு உண்டு. அமைதி காக்க வேண்டிய பகுதி என்று அதைத் தனியே அறிவித்தும் இருக்கிறார்கள். ஆனால் அங்கே கதவு சாத்தும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. பகல் நீண்டால் தோட்டமும் நீளும். நம் தோட்டத்தில் சூரியன் எப்போது மறைந்தாலும் ஐந்து ஐந்துதான்.

இந்த ஐந்து மணி எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை காவலரிடம் கேட்டேன். "ஆபீஸ் டைம் சார்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் சொன்னது முழு உண்மை.

செடிகளுக்கும் நேரம் உண்டு என்பதை நான் கண்டுபிடிக்கவில்லை. 1751இல் சுவீடனின் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ், எந்தப் பூ எந்த மணிக்கு விரிகிறது, எப்போது கூம்புகிறது என்று பட்டியலிட்டு, பூக்களாலேயே ஒரு கடிகாரம் அமைக்கலாம் என்று எழுதினார். அவர் பூக்களை மூன்றாகப் பிரித்தார். வானிலைக்கு ஏற்ப நேரம் மாற்றுபவை முதல் வகை. பகலின் நீளத்துக்கு ஏற்ப மாற்றுபவை இரண்டாவது. எது மாறினாலும் சொன்ன நேரத்துக்கு விரிந்து மூடுபவை மூன்றாவது. கடிகாரத்துக்கு மூன்றாவது வகைதான் உதவும். அலுவலக நேரத்துக்கு விரிபவை என்று நான்காவது வகை ஒன்றை அவர் குறிப்பிடவில்லை. நம் தோட்டத்தின் அட்டவணையோ அந்த நான்காவது வகையை நம்பித்தான் போடப்பட்டிருக்கிறது.

தாமரைக்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாமரை விடியலில் விரியும். வெயில் ஏறினால் கூம்பத் தொடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுக் குடும்பத்தோடு வருபவர்கள் குளக்கரையில் நின்று "பூவே இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போவதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பூ இருக்கிறது. அவர்கள் வந்த நேரத்தில் அது மூடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஜப்பானின் யோகோஹாமாவில் சான்கெயென் என்ற பழைய தோட்டம் இருக்கிறது; ஒரு பட்டு வணிகர் தன் சொந்தத் தோட்டத்தை 1906இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அங்கே தாமரைப் பருவத்தில் குறிப்பிட்ட நாட்களில் காலை ஆறு மணிக்கே கதவைத் திறக்கிறார்கள். ஆண்டு முழுவதும் அப்படித் திறப்பதில்லை. தாமரைக்காக, தாமரையின் நேரத்தில், சில நாட்கள். நான் கேட்பதும் இந்த அளவுதான். சிங்கப்பூர் தாவரவியல் பூங்கா காலை ஐந்து மணியிலிருந்து நள்ளிரவு வரை திறந்திருக்கிறது. அதைச் சொல்லி உங்களை மலைக்கவைக்க விரும்பவில்லை.

இனி தூரம். இதை நீங்கள் காரில் வந்து இறங்கும் ஆய்வு நாட்களில் உணர வாய்ப்பில்லை. பெரிய பூங்காவில் எதுவும் பக்கத்தில் இருப்பதில்லை. முதன்மை வாயிலிலிருந்து மலர்த்தோட்டத்துக்கு என் நடையில் இருபத்தைந்து நிமிடம். வாயிலில் இருக்கும் வரைபடத்தில் அது ஒரு சாண் தொலைவு. எத்தனை நிமிடம் நடக்க வேண்டும், எந்தப் பாதையில் படிக்கட்டு இருக்கிறது, எது சரிவாகப் போகிறது என்று அதில் ஒரு சொல் இல்லை. போன மாதம் ஒரு மாலை, தோட்டத்துக்குள் நான் ரோஜாப் பாத்திகளுக்கு நடுவே இருந்தபோது, ஒரு பெண் தன் தாயைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். இருவர் முகத்திலும் வியர்வை. முதலில் வந்த பாதையில் படிகள் குறுக்கிட்டதால் திரும்பி வேறு வழியாகச் சுற்றி வந்ததாகச் சொன்னார். வாயிலிலிருந்து முக்கால் மணி நேரமாம். அந்த அம்மாள் முதல் பாத்தியருகே நாற்காலியை நிறுத்தச் சொன்னார். குனிந்து ஒரு பூவை முகர்ந்தார். அடுத்த செடிக்குப் போகலாம் என்று கை காட்டினார். அப்போது விசில் ஊதியது.

அந்த விசிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐந்து மணிக்குச் சாத்துவது என்றால் நாலரைக்கே விரட்டத் தொடங்குவது என்று உங்கள் காவலர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது போலும். அவர்கள் பணி முடிந்து வீடு திரும்ப வேண்டும், புரிகிறது. ஆனால் ஆட்டு மந்தையைக் கிளப்புவது போல மூலைக்கு மூலை ஊத வேண்டுமா? ஒரு மணியை ஒருமுறை அடித்தால் கேட்காதா? அந்த அம்மாள் அடுத்த செடியைப் பார்க்காமலே திரும்பினார். மகள் நாற்காலியைத் திருப்பியபோது "அடுத்த வாரம் வரலாம்மா" என்றார். அதன் பிறகு அவர்களை நான் அங்கே பார்க்கவில்லை.

யாருக்கு எப்போது ஓய்வு கிடைக்கும் என்ற கேள்வி பொதுப்பூங்காவின் வயதே ஆனது. இங்கிலாந்தின் டெர்பி நகரில் 1840இல் ஆலை முதலாளி ஜோசப் ஸ்ட்ரட் தன் நிலத்தைக் கொடுத்து, ஜான் கிளாடியஸ் லவுடன் வடிவமைத்த மரத்தோட்டத்தை நகரத்துக்கு அளித்தார். மற்ற நாட்களில் நுழைவுக் கட்டணம் உண்டு. புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் கட்டணம் இல்லை. ஆலையில் உழைப்பவனுக்கு எப்போது கை ஒழியும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். எல்லா நாளும் கட்டணம் நீங்க 1882 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதால் அவர்களை ரொம்பவும் புகழ வேண்டியதில்லை. ஆனாலும் அந்த ஒரு கேள்வியைக் கேட்டார்கள். நம் தோட்டத்தின் ஒன்பது முதல் ஐந்து என்ற கணக்கில் வேலைக்குப் போகும் எவருக்கும் வாரநாட்களில் இடமில்லை. உங்கள் அலுவலகத்தில் வேலை செய்பவர்களுக்கே இல்லை. யோசித்துப் பார்த்தால், உங்களில் எவரும் உங்கள் தோட்டத்தைச் சாவகாசமாகப் பார்த்திருக்க முடியாது.

நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும். முதலாவது, கதவு சாத்திய பிறகுதான் தண்ணீர் விட முடியும் என்பது. தோட்டக்காரர் ஒருவரே இதைச் சொன்னார். கூடவே, "ரோஜாவுக்குச் சாயங்காலம் தண்ணி தெளிக்கிறது நல்லதில்லைதான்" என்றும் தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் சொன்னது சரி. ரோஜா இலைகளைத் தின்னும் கரும்புள்ளி நோய் ஒரு பூஞ்சையால் வருவது. அதன் வித்துகள் முளைத்து இலைக்குள் நுழைய இலை தொடர்ந்து பல மணி நேரம் ஈரமாக இருக்க வேண்டும். மாலையில் நனைந்த இலை இரவெல்லாம் காயாது. விடிகாலையில் வேரடியில் விட்டால் வெயில் வந்ததும் மேலே தெறித்த ஈரமும் உலர்ந்துவிடும். நம் ரோஜாக்களின் கீழ் இலைகள் மஞ்சளித்துக் கொட்டிக்கிடப்பதை நீங்களே பாருங்கள். தண்ணீர் விடும் நேரத்தைக் காலைக்கு மாற்றினால் ரோஜாவும் பிழைக்கும், எங்களுக்கும் மாலை கிடைக்கும்.

இரண்டாவது, வெளிச்சம். மாலையில் திறந்துவைத்தால் விளக்குப் போட வேண்டும், செலவாகும் என்பீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். உயரக் கம்பத்தில் வெள்ளை விளக்கை ஏற்றினால் முதலில் வழி தவறுவது அந்த அந்துப்பூச்சிகள்தான். அந்தி வெளிச்சம் அடங்கும்வரை இருந்துவிட்டுப் போய்விடுகிறோம். பாதையோரத்தில் முழங்கால் உயரத்தில் மங்கலான விளக்கு நாலு இருந்தால் வெளியே வரப் போதும்.

மூன்றாவது, பாதுகாப்பு. பூப்பறிப்பார்கள், செடியை மிதிப்பார்கள், குப்பை போடுவார்கள். உண்மைதான், செய்கிறார்கள். நானும் யோக்கியன் இல்லை. பத்தாண்டுகளுக்கு முன் ஒரு படம் எடுப்பதற்காகச் சால்வியா பாத்திக்குள் கால் வைத்து ஒரு செடியை முறித்திருக்கிறேன். ஆனால் இதெல்லாம் நண்பகலிலும் நடக்கிறது, அதுவும் நீங்களே அதற்கு ஏற்பாடு செய்துகொடுத்த இடத்தில் அதிகம் நடக்கிறது. ரோஜாத் தோட்டத்தின் நடுவில் இதய வடிவத்தில் ஓர் இரும்பு வளையத்தை நட்டு, படமெடுக்க வசதி என்று பலகையும் வைத்திருக்கிறீர்களே, அதைச் சொல்கிறேன். வளையத்துக்கு முன் வரிசை நிற்கிறது. வரிசை வளைந்து பாத்திக்குள் போகிறது. அவர்கள் பின்னால் வளையத்தைவிட அழகாகப் பூத்திருக்கும் செடிகளை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதை எடுத்துவிடச் சொல்லவில்லை, ஆசைப்படுகிறவர்கள் படம் எடுக்கட்டும். பூங்காவின் முதன்மை வாயிலில் கொண்டுபோய் வையுங்கள். இருபத்தைந்து நிமிடம் நடக்கும் சிரமம் அவர்களுக்கும் மிச்சம்.

நேரம் கொடுத்தால் மட்டும் போதாது, உட்கார இடமும் வேண்டும். தோட்டத்தில் பதினொரு பெஞ்சுகள் இருக்கின்றன, எண்ணியிருக்கிறேன். ஒன்பது நடைபாதையைப் பார்த்தபடி, பாத்திக்கு முதுகைக் காட்டி நிற்கின்றன. உட்காருபவன் போகிறவர்களின் செருப்பைப் பார்க்கலாம். மீதி இரண்டும் பூவைப் பார்த்திருக்கின்றன, ஆனால் நாள் முழுக்க வெயிலில். நியூயார்க்கின் சதுக்கங்களில் மக்கள் எப்படி உட்காருகிறார்கள் என்பதை 1970களில் படம்பிடித்து ஆராய்ந்தவர் வில்லியம் வைட். அசைக்கக்கூடிய நாற்காலி கிடைத்தால் மனிதர்கள் உட்காருமுன் அதைக் கொஞ்சமாவது நகர்த்துகிறார்கள் என்று அவர் கவனித்தார், நகர்த்தத் தேவையே இல்லாதபோதும். இடத்தைத் தனதாக்கிக்கொள்ளும் செயல் அது. பாரிஸின் லக்சம்பர்க் தோட்டத்தில் பச்சை இரும்பு நாற்காலிகள் தரையில் பதிக்கப்படாமல் கிடக்கின்றன. நிழல் நகர நகர மனிதர்களும் நாற்காலியை நகர்த்திக்கொள்கிறார்கள். திருட்டுப் போய்விடுமே என்ற அச்சம் எல்லா ஊர் அதிகாரிகளுக்கும் வருவது இயல்பு. நியூயார்க்கின் பிரையன்ட் பார்க், போதைப்பொருள் விற்பவர்களின் இடமாகக் கெட்டுக் கிடந்து 1992இல் மறுபடி திறக்கப்பட்ட பூங்கா. அங்கேயே கட்டிப்போடாத நாற்காலிகளைத்தான் போட்டார்கள், இன்றும் போட்டிருக்கிறார்கள். நம் தோட்டத்துக்கோ வேலியும் கதவும் காவலும் ஏற்கெனவே இருக்கின்றன. இருபது நாற்காலி போட்டுப் பாருங்கள்.

பெயர்ப்பலகைகளில் குறை சொல்ல அதிகம் இல்லை. செடியின் பெயர், தாவரவியல் பெயர், குடும்பம், எல்லாம் பிழையின்றி இருக்கின்றன. சற்று வறட்சி, அவ்வளவுதான். அந்திமந்தாரையின் பலகையில், இது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவியது என்றோ, ஜெர்மானியத் தாவரவியல் அறிஞர் கார்ல் கோரென்ஸ் 1909இல் இதே செடியின் திட்டுத்திட்டான இலைகளை வைத்து, அந்த நிறம் தாய்ச்செடி வழியாகவே வருகிறது, மகரந்தம் தரும் தந்தைக்கு அதில் பங்கில்லை என்று காட்டினார் என்றோ ஒரு வரி எழுதினால் பள்ளிப் பிள்ளைகள் நின்று படிப்பார்கள்.

எனக்கு வேண்டியது வேறொரு பலகை. பூங்காவின் முதன்மை வாயிலில், சாக்குக்கட்டியால் எழுதும் ஒரு கரும்பலகை. இன்று தோட்டத்தில் எது எந்த நிலையில் இருக்கிறது என்று அதில் எழுதிவையுங்கள். தமிழில் இதற்குச் சொல் பஞ்சமே இல்லை. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று ஒரு பூவின் வாழ்வை ஏழாகப் பிரித்துப் பெயரிட்டு வைத்திருக்கும் மொழி இது. அரும்புவதிலிருந்து வாடி விழுவது வரை. "கிழக்குப் பாத்தி ரோஜா: முகை. குளத்துத் தாமரை: மலர், ஒன்பது மணிக்குள் வரவும். அந்திமந்தாரை: மாலை ஐந்தரைக்கு மேல்." இதை எழுத அதிகாரி வேண்டாம், கோப்பு வேண்டாம். காலையில் தண்ணீர் விடும் தோட்டக்காரருக்கு எல்லாம் தெரியும். அவரிடம் ஒரு சாக்குக்கட்டியைக் கொடுத்தால் போதும். அவர்களைப் பொதுமக்களோடு பேசக்கூடாது என்று நீங்கள் சொல்லிவைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். பொய்யாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இருபது ஆண்டுகள் ஒரே மண்ணைக் கிளறியவரைவிட அந்தத் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல யாருக்கு என்ன தெரியும்?

மாலை நேரங்களில் தோட்டத்தைத் திறந்துவைப்பதால் உடல்நலம் பெருகும், மனஅழுத்தம் குறையும் என்றெல்லாம் நான் வாதாடப்போவதில்லை. குறையலாம். பூப்பார்க்கப் போவதற்கு மருத்துவச் சீட்டு காட்ட வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

ஆகவே கேட்பது இது. வரும் கோடையில், நான்கு மாதங்களுக்கு மட்டும், வாரத்தில் இரண்டு நாள், சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் வரை தோட்டத்தைத் திறந்துவையுங்கள். வாரநாளாக இருக்கட்டும். தாமரை பூக்கும் வாரங்களில் ஒரு நாளாவது காலை ஆறு மணிக்குத் திறங்கள். அந்த நாட்களில் வேலை பார்க்கும் காவலர்களுக்கு மிகைநேர ஊதியம் கொடுங்கள். எங்கள் மாலைக்காக அவர்கள் தங்கள் மாலையை இலவசமாகத் தர வேண்டியதில்லை. தெற்குப் பக்கம் எப்போதும் பூட்டியிருக்கும் சிறிய கதவைத் திறந்தால் சாலையிலிருந்து தோட்டத்துக்கு ஐந்து நிமிடம்தான், படிகளும் கிடையாது. சக்கர நாற்காலி நேராக உள்ளே வரும். நான்கு மாதம் கழித்து, எத்தனை செடி முறிந்தது, எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சரிப்படவில்லை என்றால் மறுபடி ஐந்து மணிக்கே சாத்திக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டு தெற்கு வேலிக்கு வெளியே, நடைபாதையில், மிளகைப் போலக் கறுத்துச் சுருங்கிய விதைகள் சில உதிர்ந்து கிடந்தன. ஏழு விதைகளை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பூங்கா விதிகளின்படி அது குற்றமா என்று தெரியாது. ஐந்து முளைத்தன. இப்போது என் வீட்டு மாடித் தொட்டியில் நிற்கின்றன. போன செவ்வாய்க்கிழமை மாலை ஆறு பத்துக்கு முதல் பூ விரிந்தது. உங்கள் பலகையில் எழுதியிருப்பது சரிதான், மஞ்சளில் இளஞ்சிவப்புக் கோடு.

இப்படிக்கு,
வாரந்தோறும் நாலரை மணி விசிலோடு வெளியேற்றப்படும் ஒருவன்